தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த வசந்தம்?

ஏப்ரல் பிறந்ததும் நுவரெலியா நகரில் பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்திய அணிவகுப்போடு வசந்த காலக் கொண்டாட்டம் ஆரம்பமாகும். அதன் பிறகு குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகுச் சவாரி என்று கொழும்பிலிருந்து வருபவர்களால் நகரம் நிரம்பி வழியும். தாழ்நிலத்து வெயிலுக்குத் தப்பி மலைக்கு ஏறிய வெள்ளைக்காரர்கள் தொடங்கிவைத்த பழக்கம் இது. 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயர் சூட்டப்பட்ட பூங்கா இன்றும் அந்தப் பெயரோடுதான் பூத்துக் குலுங்குகிறது.

அதே ஏப்ரலில் நகரத்துக்கு வெளியே, தேயிலை மலைகளில் வேறொரு விடயம் நடக்கிறது. தை, மாசி மாதங்களின் வறட்சியும் அதிகாலைப் பனியும் முடிந்து, பங்குனிக் கடைசியில் மழை விழத் தொடங்கும். மழை கண்ட தேயிலைச் செடி ஒரேயடியாகத் துளிர்க்கும். வறண்ட மாதங்களில் 18 கிலோ எடுக்கவே திண்டாடிய பெண்கள் இப்போது அதைத் தாண்டிப் பறிப்பார்கள். மேலதிகக் கிலோவுக்குக் கிடைக்கும் காசு சித்திரைப் புத்தாண்டுச் செலவுக்கு உதவும். காலையில் நேரத்தோடு மலைக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்துதான் திரும்புவார்கள். இதனால் ஆண்டிலேயே தோட்டத்துச் சின்னப் பிள்ளைகள் அம்மாவைப் பிரிந்து அதிக நேரம் இருக்கும் காலங்களில் ஒன்றாக இந்த வசந்தம் அமைந்துவிடுகிறது.

அந்த நேரத்தை அவர்கள் கழிக்கும் இடம் பிள்ளைக் காம்பரா. வடக்கு, கிழக்கிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். லயத்துக்கு அருகே ஒரு தகரக் கூரை அறை, வளையில் கட்டிய சீலைத் தொட்டில்கள், மலைக்குப் போக முடியாத வயதான ஒரு ஆயா. ஆரம்ப காலத்துப் பிள்ளைக் காம்பரா இவ்வளவுதான். பால் குடிக்கும் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போகவேண்டும் என்பதற்காகத் தோட்ட நிர்வாகம் செய்த ஏற்பாடு அது. பிள்ளை வளர்வதற்கு என்று யாரும் அதை அமைக்கவில்லை. கொழுந்து தொழிற்சாலைக்கு வந்து சேரவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கைமாறியபோது, தொழிலாளர் நலன்களைக் கவனிக்க ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்று அதைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அழைக்கிறோம். பிள்ளைக் காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆகின. ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். பெரும்பாலும் அதே தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்த இளம் பெண்ணாக அவர் இருப்பார். 2015 இல் உலக வங்கி முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென இலங்கைக்கு வழங்கிய 50 மில்லியன் டொலர் திட்டத்தில் தோட்ட நிலையங்களைக் கட்டுவதும் திருத்துவதும் ஒரு பகுதி. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கம் போனால் வண்ணம் பூசிய சுவரும் சின்னக் கழிப்பறையும் உள்ள புதிய கட்டடங்களைக் காணலாம். சில மைல் தள்ளிப் போனால் பழைய தகரக் கூரையும் அப்படியே இருக்கிறது.

நான் பார்க்க விரும்பியது கட்டடங்களை அல்ல, சுவர்களில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை. மூன்று நான்கு நிலையங்களுக்குப் போனேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே படங்கள்: டியூலிப் பூ, பஞ்சு ஒட்டிய முயல், வண்ண முட்டை. ஓரிடத்தில் பனி உருகி வெளியே வரும் குருவிக் குஞ்சுகூட இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அந்த உத்தியோகத்தர் தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். சின்னப் பிள்ளைகளின் வசந்த காலக் கைப்பணி என்று தேடினால் இவைதான் வருகின்றன. தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை என்றார். அவரில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு மாதம் பனிக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஐரோப்பியப் பிள்ளைக்கு டியூலிப் முளைப்பது பெரிய சங்கதி. தோட்டத்துப் பிள்ளை டியூலிப்பைக் கண்டதில்லை. ஆனால் மழை விழுந்த மறுவாரம் ஒரு மலை முழுவதும் நிறம் மாறுவதைக் கண்டிருக்கிறது. அது சுவரில் இல்லை.

கைப்பணி என்பது நேரத்தைப் போக்கும் விளையாட்டுத்தானே, எந்தப் பூவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். இரண்டு காரணங்களுக்காக அது முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, விரல். மூன்று வயதளவில் ஒரு பிள்ளையால் வட்டம் போட முடியும். நான்கு வயதளவில் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டத் தொடங்கும். இந்தத் திறமைகள் வயதோடு தானாக வந்துவிடுவதில்லை. கிழிக்க, பிசைய, உருட்ட, கோர்க்க வாய்ப்புக் கிடைத்த கைக்குத்தான் பென்சில் பிடிபடும். முதலாம் தரத்தில் எழுத்துக்குச் சிரமப்படும் பல பிள்ளைகளுக்கு எழுத்தில் பிரச்சினை இல்லை, விரலில் பலம் இல்லை. 2016 இல் எடுக்கப்பட்ட தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். சாப்பாட்டுக் குறைவு உயரத்தில் மட்டும் நின்றுவிடாது. ஏற்கனவே பின்தள்ளப்பட்ட இந்தப் பிள்ளைகளுக்குக் கைவேலை ஒரு அலங்காரம் அல்ல.

இரண்டாவது, பேச்சு. தெரிந்த ஒன்றைச் செய்யும்போது பிள்ளை வாய் ஓயாமல் பேசும். தெரியாத முயலுக்குப் பஞ்சு ஒட்டும்போது பேசாமல் ஒட்டிவிட்டு எழும்பிப் போய்விடும். இதை நானே ஒரு நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதே பிள்ளைகளிடம் கொஞ்சம் களிமண்ணைக் கொடுத்ததும் ஒன்று ரொட்டி சுட்டது, இன்னொன்று லொறி செய்தது. மூன்றாவது ஒரு உருண்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கப் போகிறேன், வழிவிடுங்கள் என்று அதட்டியது.

மலையகத்துக்கு வசந்தம் புதியதும் அல்ல. மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, நாள் கணக்கில் இரவிரவாக ஆடப்படும் காமன் கூத்து வசந்தத்தின் கூத்துத்தான். கரும்பை வில்லாகவும் பூக்களை அம்பாகவும் கொண்ட மன்மதன், அவனோடு எப்போதும் வரும் வசந்தன், சிவனின் நெற்றிக்கண்ணில் அவன் எரிந்துபோவது, ரதியின் ஒப்பாரி. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மூட்டையோடு இந்தக் கதையையும் கொண்டுவந்தார்கள். பல தோட்டங்களில் இன்றும் அது ஆடப்படுகிறது. தப்புச் சத்தம் கேட்டதும் தூக்கத்தில் இருந்து எழும்பி ஓடும் நான்கு வயதுப் பிள்ளைக்குக் காமனின் கிரீடம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே மட்டையில் ஒரு கிரீடம். சரிகைத் தாள் வாங்கக் காசில்லாவிட்டால் பிஸ்கட் பைக்கற்றின் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். கரும்பு வில்லுக்கு ஒரு வளைந்த குச்சி, அம்புக்குக் கடதாசிப் பூ. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கசக்கினாலே பூ ஆகிவிடும். கிழிப்பதுதான் அந்த வயதுக்கு உண்மையான பயிற்சி. பசைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சினால் போதும். லயத்துச் சுவருக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டிய எல்லாத் தாய்மாருக்கும் அந்தப் பதம் தெரியும். நிலையத்தில் கூத்தைப் பற்றிப் பேசினால் ஆட்டக்காரர்களில் ஒருவரான அப்பாவோ மாமாவோ வந்து தப்பு அடித்துக் காட்டவும்கூடும். சமயம் சார்ந்தது என்று தயங்கும் நிலையங்களில் வில்லும் பூவும் மட்டும் போதும். தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்களுக்கு இதே பங்குனி சித்திரையில் குருத்தோலை வருகிறது. ஓலை மடிப்பதும் கைப்பணிதான்.

இலைகளுக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லப்படும் மரம் நமது கடற்கரைச் சவுக்கு அல்ல. அவுஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காகவும் காற்றுத் தடுப்பாகவும் கொண்டுவந்து நட்ட கிரெவிலியா மரம். அதன் இலை மேலே பச்சை, கீழே வெள்ளி. ஒரே இலையில் இரண்டு நிறம் என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கி, பச்சைப் பக்கம், வெள்ளிப் பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் மீன் வரும், பறவை வரும். முள்முருங்கை இலையை மெல்லிய தாளுக்குக் கீழே வைத்து மெழுகு வர்ணத்தால் உரசினால் நரம்புகள் தாமாக எழும்பி வரும். பைனஸ் காய்க்கு எதுவும் செய்யவே வேண்டாம், அதைக் கையில் வைத்திருப்பதே போதும்.

தேயிலைப் பூவைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா என்று உத்தியோகத்தர்களிடம் கேட்டேன். பலர் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக அழகான பூ அது. ஓயாமல் கொழுந்து பறிக்கப்படும் செடியில் அதைக் காண்பது அரிது. கைவிடப்பட்டுக் காடாகிப்போன மலைகளில் அது நிறையப் பூக்கும். தேயிலை பூத்திருக்கிறது என்றால் அங்கே வேலை இல்லை என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, பெரியவர்கள் தெரிந்து வைத்திருக்கலாம்.

வர்ணத்துக்குச் சில வழிகள் உண்டு. காய்ச்சி வடித்த தேயிலைத் தூளைத் திரும்பக் கொதிக்கவைத்தால் மண்ணிறச் சாயம் கிடைக்கும். கொஞ்சம் கொதித்தால் வெளிர், நிறையக் கொதித்தால் கடும் நிறம். பஞ்சில் தோய்த்துத் தடவினால் ஒரே சாயத்தில் ஐந்தாறு நிழல் வரும். மஞ்சள் தண்ணீரில் தடவிய தாளில் சவர்க்காரத் தண்ணீர் பட்டால் அந்த இடம் சிவக்கும். பிள்ளைகள் இதை மந்திரம் என்றே நம்புவார்கள். (2020 இல் இறக்குமதித் தடையால் மஞ்சள் விலை ஏறியபோது இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.) நுவரெலியாப் பக்கம் பீட்ரூட் மலிவு, அதன் சாற்றில் நல்ல ஊதா கிடைக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கும் இடத்தில் சாப்பிடும் பொருளை வர்ணமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பீட்ரூட் தோலும் கரட்டின் தலையும் போதும். கிழங்கு கறிக்குப் போகட்டும்.

ஆபத்துகள் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் இணையத்துக் குறிப்புகளில் இவை இருக்காது. மலையக ஓடைக் கரைகளில் குழல் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை, மஞ்சள் பூ ஊமத்தையின் உறவு. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. பார்க்க அழகாகவும் பெரிதாகவும் இருப்பதால் பிள்ளைகள் முதலில் ஓடுவது அதனிடம்தான். ஈர நிலத்தில் வளரும் வெள்ளை லில்லியின் சாறு வாயில் பட்டால் எரியும். அலரி பற்றி வடக்கிலுள்ளவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. மருந்தடித்த மலையிலிருந்து கொழுந்தோ களையோ பறித்து வரக்கூடாது. கடையில் விற்கும் போஞ்சி விதை சிலவேளை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அது பூஞ்சண மருந்து தடவிய விதை. யோகட் கப்பில் முளைக்கவைத்துக் காட்டச் சமையலறைப் பயறே நல்லது. களைநாசினி போத்தலும் உரப்பையும் எவ்வளவு கழுவினாலும் கைப்பணிக்கு ஆகாது. பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எந்தக் காயும் கொட்டையும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

இதை எல்லாம் செய்வதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் காசு அல்ல. ஒரு நிலையத்தில் தொட்டில் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்றாக இருப்பார்கள். ஒருவருக்குப் பால் காய்ச்சிக்கொண்டு இன்னொருவருக்குக் கதை சொல்ல வேண்டும். பல இடங்களில் இந்த வேலைக்கு ஒரே ஒரு உத்தியோகத்தர். அதற்குள் மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் சுவர் அழகாக இருக்க வேண்டும். அப்போது என்ன நடக்கும்? இரவில் வீட்டில் உட்கார்ந்து அவரே இருபது முயல்களை வெட்டிவைப்பார். காலையில் பிள்ளைகள் ஆளுக்கொரு பஞ்சு ஒட்டுவார்கள். இருபது முயலும் ஒன்றுபோல இருக்கும். பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கோணலும் கசங்கலுமாகப் பிள்ளைகளே செய்தவற்றை ஒட்டினால், நிலையம் சரியாக நடக்கவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் அந்தப் பெண்களுக்கு இருக்கிறது. இந்தப் பயத்தை நீக்க வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள். கோணலாக ஒட்டப்பட்ட பூதான் நிலையம் நடக்கிறது என்பதற்குச் சாட்சி.

வன்னியில் வளர்ந்த நான் ஏன் பிள்ளைக் காம்பராவைப் பற்றி எழுதுகிறேன் என்று சிலர் கேட்டார்கள். என் அம்மம்மா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு வவுனியாவுக்கு வந்தார். எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி வந்தன. 1983 இல் இன்னும் வந்தன. அவர்களைக் குடியேற்றியதில் காந்தியம் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் தொடங்கிய அந்த அமைப்பு, பண்ணைகளோடு சேர்த்துக் கிராமங்களில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளிகளையும் நடத்தியது. இளம் பெண்களைப் பயிற்றி அதற்கு ஆசிரியைகளாக அனுப்பியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதுசெய்யப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அகதிகளாக வந்த மக்களுக்கு வீடும் நிலமும் கொடுக்கும்போதே, பிள்ளைகள் உட்கார்ந்து பாடவும் விளையாடவும் ஓர் இடமும் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். மலையகத்திலிருந்து வந்த அந்தக் குடும்பங்களில் பலர் 2009 வரையான போரின் நடுவில் அகப்பட்டார்கள்.

போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவில் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வந்ததை நாம் அறிவோம். மற்ற முன்பள்ளி ஆசிரியைகளைவிட அங்கே சம்பளம் பல மடங்கு அதிகம் என்பதால் பெண்கள் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றல்ல என்றாலும் கேள்வி ஒன்றுதான்: மூன்று வயதுப் பிள்ளையின் பகல்பொழுது யாருடைய பொறுப்பு? வன்னியில் அது பாதுகாப்புத் தரப்பின் கைக்குப் போனது. மலையகத்தில் கம்பனியின் கையில் இருக்கிறது. முன்பள்ளிக் கல்வி மாகாணசபைக்குரிய விடயம் என்று சட்டம் சொல்லும், ஆனால் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே வர மாகாணசபைக்கு இன்னும் தயக்கம்.

கைப்பணியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நமக்கு முன்னால் ஓர் உதாரணம் இருக்கிறது. 1996 இல் மட்டக்களப்பில் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துவந்து மண், வர்ணம், கதை, நாடகம் என்று அவர்கள் விருப்பப்படி செய்ய விட்டார்கள். என்ன நடந்தது என்று யாரும் பிள்ளையைக் குடைந்து கேட்கவில்லை. கை வேலைசெய்யும்போது வாய் தானாகத் திறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே வந்தவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள், மலையகத்துப் பிள்ளைகள் அதைவிடச் சிறியவர்கள், அனுபவித்ததும் வேறு. ஆனாலும் நாள் முழுக்க அம்மா இல்லாத, மண்சரிவு பயத்தில் மழை இரவுகளைக் கழிக்கும் ஒரு பிள்ளைக்குக் களிமண் உருண்டை தேவையில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இதைத் தொடங்க நினைக்கும் நிலையங்களுக்கு நடைமுறையில் ஒரு விடயம். மலையகத்தில் இந்த வேலைகளுக்கு உகந்த காலம் மாசியிலிருந்து சித்திரைக் கடைசி வரைதான். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் பசை காயாது, களிமண் இறுகாது, மட்டைக் கிரீடத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சணம் படரும். சருகு, பைனஸ் காய், குச்சி இவற்றை வெயில் இருக்கும் நாட்களிலேயே பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள பிஸ்கட் தகரத்தில் போட்டு, நிலையத்துச் சமையலறை அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்தால் ஆவணி வரை கெடாது.